நாலு பாட்டுக்கு ஒரு துஷ்டி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் அந்தச் சந்தில் தங்கையாவைவிட மெதுவாகப் பேசுகிறவர் யாரும் இல்லை. சாயா வேண்டுமென்றால்கூடக் கடைக்காரரின் காதருகே போய்த்தான் சொல்வார். அதே தங்கையாவால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சந்தில் யாருக்கும் மத்தியானத் தூக்கம் கிடைப்பதில்லை. ஏறக்குறைய இருபது வருஷமாக அவர் ‘உப்புக்காற்று’ என்ற பாண்டில் டிரம்ஸ் வாசிக்கிறார்.

வேலை கார்ப்பரேஷனில், கொசு மருந்துப் புகை அடிப்பது. அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தங்கையா பிறந்தது, படித்தது, பெயிலானது எல்லாம் இங்கேதான். மலையாளம் எழுதுவார், தமிழ் பேசுவார், சண்டை வந்தால் இரண்டையும் கலந்து முணுமுணுப்பார். தமிழர் என்பதால் கொட்டு அவர் ரத்தத்திலேயே இருக்கிறது என்று சந்தில் எல்லோரும் நம்புகிறார்கள். அவர் அப்பாவுக்கோ மேளச் சத்தம் கேட்டாலே தலைவலி வந்துவிடும். தங்கையா டிரம்ஸ் பழகியது சுள்ளிக்கல்லில் ஒரு கிளப்பில். அங்கே வாசித்துக்கொண்டிருந்தவன் துபாய்க்குப் போய்விட்டான். கேரம் போர்டு காலியாகட்டும் என்று காத்திருந்தவர்களில் இவர் முன்னால் நின்றார், அவ்வளவுதான்.

அப்படித் தற்செயலாக ஏறி உட்கார்ந்த ஸ்டூலிலிருந்து அவர் பிறகு இறங்கவே இல்லை. கல்யாணம், கோயில் உற்சவம், சர்ச் பெருநாள், ஓணக் களி எதுவானாலும் பின்வரிசையில் தங்கையா இருப்பார். பகலில் அவர் புகை போட்டுக்கொண்டு வந்தால் ஜன்னலை அடைக்கிறவர்கள் சாயங்காலம் அவர் வாசிப்புக்குக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் இல்லாவிட்டால் தான் வெறும் புகைதான் என்பது அவருக்குத் தெரியும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

சென்ற வருஷம் பாண்டின் பாட்டுக்காரன் விபினுக்கு ஓர் ஆசை வந்தது. பள்ளுருத்தியில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், கிட்டாரும் வாசிப்பான். இவ்வளவு காலமாக அடுத்தவர் பாட்டையே வாசித்தாகிவிட்டது, சொந்தமாக நாலு பாட்டுப் போட்டு இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றான். கிட்டாரும் பாட்டும் அவன் அறையிலேயே பதிவாகிவிட்டன. பாஸ் கிட்டார் வாசிக்கும் ஷாஜி, ஆட்டோக்காரன், சவாரிக்கு நடுவில் வந்து தன் பங்கை முடித்துப் போனான். மிச்சம் டிரம்ஸ்தான்.

“தங்கையா சேட்டா, வெஷமிக்கக்கூடாது” என்று சாயாக்கடையில் வைத்து விபின் ஆரம்பித்தான். கேரளத்தில் இப்படி ஆரம்பிக்கிற எல்லாமே வருத்தப்பட வேண்டிய விஷயம்தான். “டிரம்ஸ் நான் கம்ப்யூட்டர்ல போட்டுக்கறேன். சேட்டன் நல்லா வாசிக்கும், ஆனா பாதிப் பாட்டுக்கப்புறம் வேகம் பிடிச்சு ஓட ஆரம்பிக்கும். நாங்க பின்னாலயே ஓடி வரணும். கம்ப்யூட்டர் ஓடாது.”

“மேடையில?” என்றார் தங்கையா.

“என்ன?”

“மேடையில யாரு வாசிக்கறதுன்னு கேக்கேன்.”

விபின் கிளாசைப் பார்த்தான். “பாட்டு ஒருமாதிரி, மேடை வேறமாதிரின்னா ஆளுங்க கேக்கும்ல சேட்டா.”

தங்கையா ஏதோ முணுமுணுத்தார். அவர் பேசினாலும் பேசாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் கூட உட்கார்ந்திருந்த ஷாஜிதான் தலையிட்டான். “ஒரு சான்ஸ் கொடுடா. ஞாயித்துக்கெழம சேட்டன்டெ வீட்டிலயே எடுத்துப் பாப்போம். நல்லா வந்தா சேட்டன். இல்லேன்னா உன் பெட்டி.”

விபின் ஒப்புக்கொண்டான். நன்றாக வராது என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவனிடம் இருந்த ஒலிப்பதிவுக் கருவியில் இரண்டே இரண்டு மைக்தான் செருக முடியும். அடிக்க வேண்டியதோ பெரிய டிரம் ஒன்று, சின்னது மூன்று, தாம்பாளம் போன்ற சிம்பல் மூன்று. ஒரு மைக் ஷாஜியின் ஆட்டோவில் பெருநாள் அறிவிப்புக்குக் கட்டுவது. இன்னொன்று விபினின் அக்கா கரோக்கே பாட வாங்கியது, இளஞ்சிவப்பு நிறம். சனிக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். பெரிய டிரமுக்குள் தலையணையைத் திணித்து ஆட்டோ மைக்கைப் படுக்கவைத்தார்கள். கரோக்கே மைக்கை மின்விசிறிக் கொக்கியிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டார்கள். விசிறியைக் கழற்றியாயிற்று. தங்கையா வேர்க்க வேர்க்க அடித்தார்.

விபின் ஹெட்போனைக் கழற்றினான். “இது டிரம்ஸ் இல்ல சேட்டா. குளிமுறியில பக்கெட் விழற சத்தம்.”

பொய்யில்லை. முன்னறை முழுக்க டைல்ஸ். சுவரில் எண்ணெய்ப் பெயின்ட். ஓர் அடி அடித்தால் நாலு அடி திரும்பி வந்தது. பாய், மெத்தை, தங்கையாவின் மனைவி பாக்கியலக்ஷ்மியின் சேலைகள் எல்லாவற்றையும் சுவரில் தொங்கவிட்டார்கள். நாலு அடி மூன்றானது. அதற்கு நடுவில் சந்து முனையில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. எதிரே வருகிற வண்டி தெரியாத வளைவு, அடிக்காமல் திரும்ப முடியாது. ஒரு தடவை ஹாரன் அவ்வளவு தாளத்தோடு விழுந்தது, தங்கையாவே அதற்கேற்ப வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

“எக்கோவுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது” என்றான் ஷாஜி. “ஹாரனை நான் பாத்துக்கறேன்.”

எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கேரளத்தில் ஆட்டோக்காரனை ஹாரன் அடிக்க விடாமல் செய்வது ஒன்றுதான், மரணம். தெருமுனையில் ஒரு கறுப்புத் துணி கட்டியிருந்தால் போதும். வண்டிகள் மெதுவாகும், மீன்காரர் கூவுவதை நிறுத்துவார், பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையை ஒளித்துக்கொள்ளும். ஆட்டோக்காரனான ஷாஜிக்கு இது நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய குடை ஒன்றைக் கிழித்து, சந்து முனை மின்கம்பத்தில் கட்டினான். பெயர் எழுதவில்லை, போட்டோ ஒட்டவில்லை. பெயர் போட்டால்தானே பொய்? இது வெறும் துணி. இதுதான் அவன் பிறகு எல்லோரிடமும் சொன்ன நியாயம்.

வீட்டில் தங்கையா, விபின், ஷாஜி மூன்று பேர்தான். பாக்கியலக்ஷ்மி காலையிலேயே களமசேரியிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். விபின் அடுக்களையில் மடிக்கணினியோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். தங்கையா காதில் ஹெட்போன் வைத்து, அதில் ஓடும் கிட்டாருக்கேற்ப அடிக்க ஆரம்பித்தார். ஹாரன் சத்தம் ஒன்றுகூட இல்லை. ஷாஜி வாசலில் நின்று தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டான்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு ஷைலஜா, குடியிருப்போர் சங்கச் செயலாளர். தங்கையாவின் டிரம்ஸுக்கு எதிராகச் சங்கத்தில் ஆண்டுதோறும் தீர்மானம் போடுகிறவர். கறுப்புத் துணியைப் பார்த்திருக்கிறார். துக்க வீட்டுக்குள்ளிருந்து டிரம்ஸ் வருவது அவருக்கு விசித்திரமாகப் படவில்லை. தமிழர்கள் சாவுக்குக் கொட்டடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர்கள் வழக்கம், நாம் மதிக்க வேண்டும். செத்தது யார் என்று கேட்பதுதான் மரியாதையில்லை. சங்கச் செயலாளருக்குத் தெரியாமல் சந்தில் ஒரு சாவா? ஆகவே ஷாஜியின் கையை அழுத்திப் பிடித்தார். சங்கத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சந்தில் வரிசையாகப் போடச் சொன்னார். பால் விடாத கட்டன் சாயாவுக்கு ஏற்பாடு செய்தார். வாட்ஸாப்பில் ‘தங்கையா சேட்டனின் வீட்டில் நேர்ந்த வியோகத்தில் ஆதராஞ்சலிகள்’ என்று ஓர் இரங்கலை ஒரு ரோஜாவோடு போட்டார். கூப்பிய கைகள் வந்து குவிந்தன. யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ரோஜா பள்ளுருத்திக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே தங்கையாவின் சித்தி பேச்சி இருக்கிறாள். தங்கையா பாக்கியலக்ஷ்மி குடும்பத்துக்கும் பேச்சிக்கும் ஒரு மிக்ஸியின் காரணமாகப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் சாவுத் துஷ்டி வேறு, கோபம் வேறு. சொந்தக்காரப் பெண்கள் பத்திருபது பேரைத் திரட்டிக்கொண்டு, ஒரு ரோஜா மாலையும் வாங்கிக்கொண்டு, பேச்சி பஸ் ஏறிவிட்டாள். சந்து முனையில் கறுப்புத் துணி. உள்ளே கொட்டுச் சத்தம். இங்கே இருப்பவர்களுக்குத் துணி போதும், தமிழர்களுக்குக் கொட்டு போதும். இரண்டும் சேர்ந்தபின் யாருக்கு என்ன சந்தேகம்?

பேச்சி வாசலிலேயே முந்தானையை வாயில் வைத்து அழுவதற்கு மூச்சிழுத்தாள். ஷாஜிக்கு உயிர் போய்விட்டது. உள்ளே முதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மே, இப்ப அழ வேண்டா!” என்று இரு கையையும் விரித்துத் தடுத்தான்.

“ஏன்?”

ஷாஜிக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாதபோது மனிதன் உண்மையைச் சொல்லிவிடுகிறான். “பாக்கியம் சேச்சி இன்னும் வரல்ல. களமசேரியில இருந்து வரணும்.”

களமசேரி என்றால் தொழிற்சாலைகள் உண்டு, பல்கலைக்கழகம் உண்டு. ஆனால் துஷ்டி கேட்க வந்தவர்களுக்கு அங்கே இருப்பது பெரிய ஆஸ்பத்திரி மட்டும்தான்.

“பாக்கியமா!” என்று பேச்சி நெஞ்சில் கைவைத்தாள். இழுத்த மூச்சை அப்படியே விட்டாள். பிணம் வருமுன் ஒப்பாரியைச் செலவழிப்பதில் பிரயோசனம் இல்லை. பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசையில்லாமல் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். சந்து ஆண்கள் வழக்கப்படி வெளியே நாற்காலிகளில்; போனது பாக்கியம் என்று அவர்களுக்கும் எட்டிவிட்டது.

கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்த தங்கையா பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தார். முன்னால் சித்தி. அவளுக்குப் பின்னால் சொந்தம் முழுவதும். இத்தனை வருஷத்தில் சொந்தக்காரர் ஒருவர்கூட அவர் வாசிப்பைக் கேட்க வந்ததில்லை. ஷாஜிதான் சொல்லி வரவழைத்திருக்கிறான், பழைய சண்டையை மறந்து சித்தியே வந்திருக்கிறாள் என்று நினைத்தார். கண் கலங்கிவிட்டது.

“எல்லாரும் வந்ததுல ரொம்ப சந்தோசம் சித்தி” என்றார்.

“சந்தோசமாம்” என்று பின்னாலிருந்து ஒருத்தி கிசுகிசுத்தாள்.

“சும்மா கெட. பொண்டாட்டி போன துக்கத்துல அவனுக்குத் தெரிஞ்சா பேசுதான்?” என்றாள் பேச்சி. பிறகு மாலையை நீட்டினாள். களமசேரியிலிருந்து வரப்போகிறவளுக்குப் போட வேண்டிய மாலை. தங்கையா எழுந்து, இரு கையாலும் வாங்கி, தலை குனிந்து, தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

பெண்கள் தரையோடு அரை அடி பின்னுக்கு நகர்ந்தார்கள்.

“புத்தி பேதலிச்சுட்டு” என்றாள் பேச்சி, உதடு அசையாமல். “ஆரும் ஒண்ணும் சொல்லிராதீங்க.”

தங்கையா ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டாவது பாட்டைத் தொடங்கினார். பேச்சி மெதுவாகப் பக்கத்திலிருப்பவளிடம் சொன்னாள்: “எம் புருசன் செத்தப்ப கொட்டு வைக்கணும்னு எம்புட்டுக் கெஞ்சினேன், ஒருத்தனும் விடல. இவன் பாரு. தங்கம்போல இருந்த பொண்டாட்டிக்கு இவனே கொட்டுதான். இப்பிடி ஒரு ஆம்பளைய எவ பெத்துப்போட்டா?” பெற்றது அவளுடைய சொந்த அக்காதான்.

இந்த நேரம் முழுவதும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் விபின் வேறோர் உலகத்தில் இருந்தான். அவனுக்கு மனிதர் யாரும் தெரியவில்லை, ஒலி மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொருத்தியாக வந்து தரையில் உட்கார உட்கார, திரும்பி வந்த அடிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சேலைகளும் உடம்புகளும் எதிரொலியைக் குடித்துவிட்டன. இரண்டாவது பாட்டு முடிந்ததும் அவன் கதவைக் கீற்றாகத் திறந்து, பின்வாசல் வழியே வந்த ஷாஜியைப் பிடித்தான்.

“எடா, என்ன செஞ்சே? எக்கோ போயி!”

“கொஞ்சம்… சாமானம் போட்டேன்.”

“இன்னும் கொஞ்சம் போடு. ஜன்னல் பக்கம் காலியா கேக்குது.”

ஷாஜி வாசலுக்குப் போனான். சந்தில் நின்றிருந்த ஷைலஜாவையும் மற்றப் பெண்களையும் கைகூப்பி அழைத்தான். “உள்ள போய் இரிக்கணும் சேச்சி. ஜன்னல் பக்கத்துல எடமுண்டு.” துக்க வீட்டில் இவ்வளவு உபசரிப்பா என்று ஷைலஜா நெகிழ்ந்துபோனார். ஆண்டுதோறும் தீர்மானம் போட்ட அதே டிரம்ஸுக்கு மூன்றடி தூரத்தில், கைகட்டி, தலைகுனிந்து உட்கார்ந்தார்.

மூன்றாவது பாட்டுத் தொடங்கியது. இது நீளமானது, கடைசியில் சிம்பலில் ஒரே ஓர் அடி விழும். அது அதிர்ந்து அதிர்ந்து தானே அடங்கும்வரை யாரும் மூச்சுவிடக்கூடாது. தங்கையா மாலையோடு வாசித்தார். இதழ்கள் டிரம்மேல் உதிர்ந்து ஒவ்வோர் அடிக்கும் துள்ளின. தன் சொந்தமே தன் முன்னால் கலங்கிய கண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. வாசிப்பு ஒரு மனிதனை இவ்வளவு தூரம் தொடும் என்று அவரே அதுவரை நம்பியதில்லை.

சந்து முனையில் அப்போது பாக்கியலக்ஷ்மி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். கறுப்புத் துணி. தன் வீட்டு வாசலில் நாற்காலிகள். நாற்காலிகளில் தலைகுனிந்த ஆண்கள். காலையில் வீட்டில் விட்டுவந்தது ஒரே ஓர் ஆளைத்தான். கையிலிருந்த பலாப்பழத் துண்டங்கள் பையோடு விழுந்தன. ஓடினாள். நாற்காலிக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தாங்கள் யாருக்குத் துக்கம் கேட்க வந்தார்களோ அவளே தங்களைத் தாண்டி ஓடும்போது என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கமும் இல்லாததால், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வாசற்படியில் வந்து நின்றபோது தங்கையா அந்தக் கடைசி அடியை அடித்தார்.

சிம்பல் அதிர்ந்துகொண்டிருந்தது. வாசலில் பாக்கியலக்ஷ்மி. அவளுக்கு எதிரே, கழுத்தில் மாலையோடு, உயிரோடு, புருஷன். அழுவதற்குத் திறந்த அவள் வாய் திறந்தபடியே நின்றது. பெண்கள் அனைவரும் திரும்பி, களமசேரியிலிருந்து தானே நடந்து வந்துவிட்டவளைப் பார்த்தார்கள். பேச்சியின் கை ஷைலஜாவின் தோளை நகம் பதியப் பற்றியது. ஷைலஜா அலறவில்லை. யாருமே அலறவில்லை. பயம் அந்த அளவைத் தாண்டிவிட்டிருந்தது. சிம்பல் மெலிந்து, மெலிந்து, கம்பியிழையாகி, அடங்கியது.

“ஓக்கே!” என்று அடுக்களையிலிருந்து விபின் கத்தினான். “அதான்! அதான் சேட்டா!”

அதற்குப் பிறகு அந்த அறையில் எழுந்த கூச்சலை எந்த மைக்காலும் தாங்க முடிந்திருக்காது. இரண்டு பேர் பின்வாசல் வழியே ஓடினார்கள். பாக்கியலக்ஷ்மி தங்கையாவின் கழுத்து மாலையைப் பிடித்து உலுக்கினாள். ஷாஜி தன் நியாயத்தை, வெறும் துணிதானே என்பதை, கேட்க ஆளில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். தங்கையா மட்டும் விஷயம் புரிந்தபின் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவரைக் கேட்க யாரும் வரவில்லை. இத்தனை கண்ணீரும் வேறு காரியத்துக்கு.

கூச்சல் அடங்கக் கட்டன் சாயா இரண்டு சுற்றுப் போனது. பாக்கியலக்ஷ்மி பேச்சியின் எதிரே போய் நின்றாள். பல வருஷத்துக்குப் பின் முதல் வார்த்தை.

“சித்தி, நான் செத்துட்டேன்னு என்னைப் பத்தி நல்லவிதமாச் சொன்னீகளாமே?”

“செத்தவளைப் பத்திச் சொன்னேன்” என்றாள் பேச்சி. “உன்னைப் பத்தி இல்ல.”

இதற்குள் விபின் மூன்று பாட்டையும் மறுபடி ஓட்டிக் கேட்டிருந்தான். அடுக்களையிலிருந்து வெளியே வந்து, மாலையும் பெண்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளுமாக இருந்த காட்சியைப் பார்த்து, விளக்கம் கேட்காமல் நேரே தங்கையாவிடம் போனான்.

“சேட்டா, இது மதி, இது போதும். கம்ப்யூட்டர் வேண்டா.”

தங்கையா ஏதோ சொன்னார், கேட்கவில்லை.

“ஆனா ஒரு பாட்டு பாக்கியுண்டு. அதுக்கும் இதே சத்தம் வேணும், ஒரே வீட்டில வாசிச்ச மாதிரி. இல்லேன்னா நாலையும் கம்ப்யூட்டர்ல போட்டுடலாம், ஒருபோல இருக்கும்.”

தங்கையா அறையைப் பார்த்தார். பெண்கள் ஏற்கெனவே எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று ஏமாந்தவர்களை இன்னொரு தடவை உட்கார் என்று எந்த முகத்தோடு கேட்பது? மூன்று பாட்டுக்கு உயிரோடிருந்தும், நாலாவதில் தான் போய்விடப்போவது அவருக்குத் தெரிந்தது. அவர் எழுந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சற்று உரக்கப் பேசினார்.

“சித்தி, ஒரு பாட்டுதான். உக்காந்துட்டுப் போங்க.”

“துஷ்டி இல்லாம எப்பிடில உக்கார?” பேச்சிக்கு உண்மையாகவே புரியவில்லை. “சாகாத வீட்டுல சும்மா உக்காந்தா விளங்குமா?” பிறகு அவளே ஒரு கணம் யோசித்தாள். முகம் மாறியது. “அடியே, நில்லுங்க. துஷ்டின்னு வந்து உக்காந்தாச்சு. மாலை போட்டாச்சு. பதினாறு கும்பிடாம விட்டா தோஷம் ஆரு தலையில விடியும்?”

“ஆருமே சாகலயே சித்தி” என்றாள் பாக்கியலக்ஷ்மி.

“அதுக்கு நாங்க என்ன பண்ண? உக்காந்தது உக்காந்ததுதான். பதினாறாம் நாளு எல்லாரும் வருவோம். சமைச்சு வை.”

இப்படியாகப் பாக்கியலக்ஷ்மி தன் பதினாறாம் நாளுக்குத் தானே சமைத்தாள். பந்தலை ஷைலஜா சங்கச் செலவில் போட்டார். துக்கம் யாருக்கும் நடக்கவில்லையென்றாலும் சங்கம் செய்தி போட்டுவிட்டது, பின்வாங்க முடியாது. பள்ளுருத்திக்காரர்கள் சொன்னபடி வந்து, அன்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள். அடுக்களையில் சாம்பார் கொதித்ததால் விபின் படுக்கையறைக்குத் தள்ளப்பட்டான்.

“ஷாஜி” என்று அங்கிருந்து குரல் கொடுத்தான். “வாசல் மூலையில இன்னும் கொஞ்சம் எக்கோ உண்டு. ஒரு ஆள் குறையுது.”

ஷாஜி எண்ணிப் பார்த்தான். அன்று ஓடிய இரண்டு பேரும்கூட வந்திருந்தார்கள். எல்லோரும் அடுக்களைப் பக்கம் திரும்பினார்கள். பாக்கியலக்ஷ்மி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, பேச்சியின் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தாள். பேச்சி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“மதி, மதி” என்றது படுக்கையறை.

தங்கையா குச்சிகளைத் தூக்கினார்.

“மெதுவா ஆரம்பில” என்றாள் பேச்சி. “அன்னைக்கு ரெண்டாவது பாட்டுல நீ ஓடினே. அழ நேரமே கெடைக்கல.”